அம்மாவின் போனில் இருந்த ஓட்டைகளை அடைத்தது

கடன் வேண்டுமா, மனை வேண்டுமா என்று அம்மாவுக்கு நாள் முழுக்க அழைப்புகள். பெயரைச் சொல்லியே பேசினார்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஆண்ட்ராய்டு போன். செட்டிங்ஸில் பிரைவசி, அதற்குள் பர்மிஷன் மேனேஜர். அங்கே கான்டாக்ட்ஸைத் தொட்டதும், சேமித்த எண்களைப் படிக்க அனுமதி பெற்ற செயலிகள் வரிசையாக வந்தன. ராகுகாலம் காட்டும் காலண்டர் ஒன்று, டார்ச் ஒன்று. விளக்கு எரிய சொந்தக்காரர்களின் நம்பர் தேவையே இல்லை. இரண்டையும் நீக்கினேன். லொகேஷனை மேப்புக்கு மட்டும், அதுவும் பயன்படுத்தும் நேரத்துக்கு மட்டும் விட்டேன்.

அப்புறம் பிரைவசியிலேயே ஆட்ஸ் பகுதிக்குப் போய் அட்வர்டைசிங் ஐடியை டெலீட் செய்தேன். வெவ்வேறு செயலிகளில் நாம் செய்வதையெல்லாம் ஒரே ஆளின் கணக்காகக் கோக்க விளம்பர நிறுவனங்களுக்கு உதவும் அடையாளம் அது.

விளம்பர அழைப்புகள் வேண்டாம் என்று பதிவு செய்யும் எண்ணான 1909-க்கு, எல்லாவற்றையும் தடுக்கச் சொல்லி ‘ஸ்டார்ட் 0’ என்று ஆங்கிலத்தில் எஸ்எம்எஸ் அனுப்பினோம். அழைப்புகள் குறைந்தன, நிற்கவில்லை. சாதாரண பத்து இலக்க எண்ணிலிருந்து வருபவற்றை 1909-லேயே புகார் செய்கிறோம். ஏற்கெனவே வெளியே போன நம்பரைத் திரும்ப வாங்க வழியில்லை.

இன்னொரு ஓட்டை, கடை பில். மருந்துக்கடையில் நம்பர் கொடுத்தால் என்ன மாத்திரை சாப்பிடுகிறோம் என்பதும் அதோடு பதிவாகிவிடும். நம்பர் கேட்டு வாடிக்கையாளரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே கடைகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. இப்போது அம்மாவே, “நம்பர் வேண்டாம் தம்பி, பில் மட்டும் போடுங்க” என்று சொல்லிவிடுகிறார். கொடுத்துவிடுகிறார்கள்.