அருகம்புல் தரை போடுகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

தண்ணீர் அதிகம் கேட்காத புல் வேண்டும் என்று அருகம்புல்லை நட்டுவிட்டு, அப்புறம் தினமும் சாயந்திரம் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள் நிறையப் பேர். பெரிய தவறே இதுதான். மேல்மண் மட்டும் நனைகிற மாதிரி தினமும் தெளித்தால் வேருக்குக் கீழே இறங்க வேண்டிய தேவையே இல்லாமல் போய்விடும், நாலு நாள் வெயில் காய்ந்தால் புல் சுருண்டுவிடும். நட்ட முதல் இரண்டு மூன்று வாரம் மட்டும் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் வேர் பிடிக்கும்வரை இதுவும் வறட்சி தாங்காது. புதுத் தளிர் ஓடத் தொடங்கியதும் இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, விடும்போது அரை அடி ஆழமாவது நனையும்படி விடுங்கள். நீளமான ஸ்க்ரூடிரைவரை மண்ணில் குத்திப் பார்த்தால் தெரிந்துவிடும், ஈரம் உள்ளவரை சுலபமாக இறங்கும், காய்ந்த இடத்தில் முட்டி நிற்கும்.

அடுத்தது கோரைக் களை. தண்டை விரலிடுக்கில் உருட்டினால் மூன்று விளிம்பு தட்டுப்படும், அருகு அப்படி இருக்காது. மேலே பிடுங்கினால் கிழங்கு உள்ளேயே தங்கி மறுபடி முளைக்கும். அதனால் நடுவதற்கு முன்பே வெறும் தரைக்குத் தண்ணீர் விட்டு, இரண்டு வாரம் பொறுத்து, முளைத்ததைக் கிழங்கோடு தோண்டி எடுங்கள், முடிந்தால் இன்னொரு முறையும். நான் அவசரப்பட்டு இதை விட்டதில், ஒரு வருஷம் முழுக்கப் புல்லுக்கு நடுவே உட்கார்ந்து கோரை பிடுங்கினேன்.

மரத்தடி வேண்டவே வேண்டாம். தினமும் 6 மணி நேரமாவது நேர் வெயில் படாத இடத்தில் அருகு மெலிந்து, நீண்டு, திட்டுத்திட்டாக வழுக்கை விழும். எவ்வளவு உரம் போட்டாலும் சரியாகாது.

வெட்டும்போது உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். பக்கத்தில் பூச்செடிப் பாத்தி இருந்தால் நடுவே செங்கல்லோ தகடோ ஆழமாகப் பதித்துவிடுங்கள், அருகு மண்ணுக்கு மேலேயும் ஓடும், கீழேயும் ஓடும்.

கடும் கோடையில் பழுப்பானதும் செத்துவிட்டது என்று கொத்திப் போடுகிறார்களே, அதைப் பார்த்தால்தான் எனக்கு மனசு கேட்பதில்லை. ஒரு கொடியை எடுத்துக் கணுவை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக, லேசான ஈரத்தோடு இருந்தால் உயிர் இருக்கிறது, நல்ல மழை பெய்தால் துளிர்த்துவிடும். கணுவைப் பார்க்காமல் மண்வெட்டியை எடுக்காதீர்கள்.