அறுபது வெள்ளி ரவுட்டரைப் படுக்கையறை வரை எட்ட வைப்பது எப்படி?

"தம்பி, நீ சொல்லி வாங்குன அறுபது வெள்ளி டப்பா வேஸ்ட்டு. கடையிலயே திருப்பிக் குடுத்துடவா?"

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து அத்தை இப்படிக் கூப்பிட்டபோது ரவுட்டர் வாங்கி மூன்று நாள்தான் ஆகியிருந்தது. சிபாரிசு செய்த பாவத்துக்கு அந்தச் சனிக்கிழமை கிளம்பிப் போனேன். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) நான்கறை வீடு. வாசலை ஒட்டிச் செருப்பு அலமாரி. கதவைத் திறந்தால் கீழ்த்தட்டில், மாமாவின் ஓட்டப்பயிற்சிக் காலணிக்குப் பின்னால், ரவுட்டர் குப்புறக் கிடக்கிறது. நான்கு ஆன்டெனாவும் பெட்டியில் மடங்கி வந்தபடியே இருக்கின்றன. அதற்கும் படுக்கையறைக்கும் நடுவில் பாம் ஷெல்ட்டர், அதாவது வீட்டுக்குள்ளேயே இருக்கும் குண்டுக் காப்பறை.

"ஒயரெல்லாம் வெளியே தெரிஞ்சா ஹால் அசிங்கமா இருக்குமேப்பா" என்றார் அத்தை.

ரவுட்டரைத் திருப்பிக் கொடுக்கவில்லை. இன்றும் அதேதான் ஓடுகிறது. விலை குறைந்த ரவுட்டர் வாங்கிய சொந்தக்காரர்களும் நண்பர்களும் என்னிடம் கொண்டுவரும் புகார் மூன்றுதான்: அறைக்குள் சிக்னல் இல்லை, கட்டுகிற காசுக்கு வேகம் இல்லை, அடிக்கடி விட்டுப்போகிறது. நேரில் போய்ப் பார்த்தால் பல வீடுகளில் டப்பா நன்றாகத்தான் இருக்கும். வைத்த இடம், போட்ட கேபிள், மாற்றாமல் விட்ட அமைப்பு, இவற்றில் ஒன்று கோளாறாக இருக்கும். அதனால் முதல்முறை பொருத்துபவர்களுக்காக, நான் செய்யும் வரிசையிலேயே சொல்கிறேன்.

முதல் படி: பெட்டியைப் படித்துவிட்டு வாங்குங்கள்

பெட்டியில் பெரிதாக ஏசி1200, ஏஎக்ஸ்1500, ஏஎக்ஸ்3000 என்று போட்டிருக்கும். ஏசி என்றால் வைஃபை 5, ஏஎக்ஸ் என்றால் வைஃபை 6. பின்னால் வரும் எண்ணை உங்களுக்குக் கிடைக்கப்போகும் வேகம் என்று நினைத்து ஏமாற வேண்டாம். அது ரவுட்டரின் இரண்டு அலைவரிசைகளின் உச்ச வேகத்தையும் கூட்டிப் போட்ட கணக்கு. ஏஎக்ஸ்1500 என்பது நொடிக்கு 2.4 கிகாஹெர்ட்ஸில் 300 மெகாபிட், 5 கிகாஹெர்ட்ஸில் 1,201 மெகாபிட். உங்கள் கைப்பேசி ஒரு நேரத்தில் இதில் ஒன்றில்தான் இருக்கும். அந்த எண்ணிலும் பாதிக்குச் சற்று மேலே கையில் கிடைத்தால் நல்ல நாள்.

பெரிய எண்ணைவிட முக்கியமானது பெட்டியின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும் போர்ட் (கேபிள் செருகும் துளை) விவரம். 'கிகாபிட்' என்று இருக்கிறதா பாருங்கள். '10/100' (அதிகபட்சம் 100 மெகாபிட்) என்று மட்டும் இருந்தால் கீழே வைத்துவிடுங்கள், எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி. ஒரு கிகாபிட் இணையத்துக்குக் காசு கட்டிவிட்டு, இந்த ரவுட்டர் வழியாகப் பத்தில் ஒரு பங்குகூட முழுதாக வராது. இதன் இன்னொரு பக்கமும் உண்டு. இப்போது 10 கிகாபிட் திட்டங்களை வீடு வீடாக விற்கிறார்கள். ஒரு கிகாபிட் போர்ட் உள்ள ரவுட்டரில் அதைச் செருகினால் ஒரு கிகாபிட்டுக்கு மேல் வராது. சின்ன வாய் உள்ள குடத்தில் எவ்வளவு பெரிய குழாயைத் திறந்தாலும் அவ்வளவுதான் இறங்கும்.

சிங்கப்பூரில் இன்னொரு வசதி, இணையப் பாதுகாப்பு அமைப்பு 2020-இல் கொண்டுவந்த பாதுகாப்பு முத்திரை. நான்கு நிலைகள் உண்டு. இங்கே விற்கும் வீட்டு ரவுட்டர்கள் அதில் குறைந்தபட்ச நிலை ஒன்றை எட்டியிருக்க வேண்டும். எல்லா டப்பாவுக்கும் ஒரே கடவுச்சொல் போட்டு விற்கக்கூடாது, மென்பொருள் மேம்பாடு தர வேண்டும் என்பதெல்லாம் அதில் வரும். வெளிநாட்டு இணையக் கடையில் பத்து வெள்ளி மிச்சம் பிடித்து வரவழைத்தால் முத்திரையும் இல்லாமல் போகலாம், பிளக்கும் நம் மூன்றுமுனை பிளக்காக இல்லாமல் போகலாம். அடாப்டரில் இங்கத்திய பாதுகாப்புச் சின்னமும் இல்லாமல் போகலாம். இருபத்து நாலு மணி நேரமும் சூடாக ஓடும் சாதனத்துக்கு அந்தப் பத்து வெள்ளியை மிச்சம் பிடிக்க வேண்டியதில்லை.

இரண்டாம் படி: கம்பிகள்

சுவரில் ஃபைபர் முடியும் சின்ன வெள்ளைப் பெட்டி இருக்கும். அதிலிருந்து மெல்லிய ஃபைபர் கம்பி ஒன்று இணைய நிறுவனம் கொடுத்த சாதனத்துக்குப் போகும். அந்தக் கம்பிக்குள் இருப்பது கண்ணாடி இழை. மடக்காதீர்கள், அதன்மேல் அலமாரியை நகர்த்தாதீர்கள், கழற்றி முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்காதீர்கள்.

நிறுவனத்தின் சாதனம் இரண்டு வகை. ஓஎன்டி என்பது ஒளியை மின்சிக்னலாக மாற்றித் தருவதோடு சரி. ஓஎன்ஆர் என்றால் அதற்குள்ளேயே ஒரு ரவுட்டர் இருக்கிறது. உங்களிடம் இருப்பது ஓஎன்டி என்றால் வேலை சுலபம்: அதன் லேன் போர்ட்டிலிருந்து (LAN, வீட்டுச் சாதனங்களுக்கானது) ஒரு கேபிள், புது ரவுட்டரின் 'வேன்' போர்ட்டுக்கு (WAN, வெளியிலிருந்து இணையம் வருவது). வேன் போர்ட் பெரும்பாலும் தனி நிறத்தில் இருக்கும். ஓஎன்ஆர் என்றால் ரவுட்டருக்குப் பின்னால் ரவுட்டர் என்று ஆகிவிடும். இணையம் வரும், ஆனால் விளையாட்டுச் சாதனம், வீட்டுக் கேமரா போன்றவை முரண்டுபிடிக்கலாம். புது ரவுட்டரை, வைஃபையை மட்டும் பரப்பும் 'ஆக்சஸ் பாயிண்ட்' முறைக்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது. அல்லது நிறுவனத்தை அழைத்து, ஓஎன்ஆரை ரவுட்டர் வேலை செய்யாத 'பிரிட்ஜ்' முறைக்கு மாற்றச் சொல்லலாம். அதே நிறுவனத்திடம் வீட்டுத் தொலைபேசியும் தொலைக்காட்சிச் சேவையும் எடுத்திருந்தால் முதலில் கேட்டுவிட்டுக் கை வையுங்கள். அவற்றுக்குத் தனி அமைப்பு தேவைப்படும்.

எல்லாம் சரியாகச் செருகியும் இணையம் வரவில்லையா? பதற வேண்டாம். சில இணைப்புகளில் ஓஎன்டி பழைய ரவுட்டரின் அடையாளத்தையே நினைவில் வைத்திருக்கும். இரண்டின் மின்சாரத்தையும் அணைத்துவிட்டு ஒரு தேநீர் போட்டுக் குடியுங்கள். பிறகு முதலில் ஓஎன்டி. அதன் விளக்குகள் நிலைத்த பிறகு ரவுட்டர். ஓஎன்டியில் 'எல்ஓஎஸ்' (LOS, சிக்னல் இழப்பு) விளக்கு சிவப்பாக எரிந்தால் மட்டும் பிரச்சினை ஃபைபர் பக்கம். ரவுட்டரைத் திட்டிப் பயனில்லை, நிறுவனத்தைத்தான் கூப்பிட வேண்டும்.

மூன்றாம் படி: இடம்

இதற்குத்தான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வேன்.

1998 முதல் இங்கே கட்டத் தொடங்கிய புது வீடுகளில் பாம் ஷெல்ட்டர் கட்டாயம். குண்டுவீச்சைத் தாங்கக் கட்டிய கனத்த கான்கிரீட், உள்ளே நெருக்கமாக இரும்புக் கம்பி, இரும்புக் கதவு. குண்டுக்கு அசையாத சுவர் அறுபது வெள்ளி ரவுட்டருக்கு வழிவிடுமா? அறுநூறு வெள்ளி ரவுட்டருக்கும் விடாது. ஆகவே சுவரைத் துளைக்கப் பார்க்காதீர்கள், சுற்றிப் போக வழி தேடுங்கள். (ஷெல்ட்டர் சுவரில் இஷ்டத்துக்கு ஓட்டை போடவும் விதிமுறை இடம் தராது.)

அத்தை வீட்டில் செய்தது இதுதான். செருப்பு அலமாரியிலிருந்து ஐந்து மீட்டர் லேன் கேபிளை எடுத்து, தரையோரமாகப் பலகைக்குக் கீழே ஒட்டி, தொலைக்காட்சி மேசையின் ஓரத்துக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்து பார்த்தால் படுக்கையறைகளுக்குப் போகும் நடைவழி நேராகத் தெரியும். சிக்னல் அந்த வழியாகப் போகட்டும் என்பதுதான் கணக்கு. ஆன்டெனாவை நிமிர்த்தினோம். அலை ஆன்டெனாவின் பக்கவாட்டில்தான் பரவும், நுனியிலிருந்து அல்ல. ஆகவே ஒரே மாடி வீட்டில் நிமிர்த்தி வைப்பதே நல்லது. மாமா நான்கையும் தன் அறையைப் பார்த்துத் துப்பாக்கிபோல் நீட்டிவைத்தார். சிரித்துக்கொண்டே திருப்பி நிமிர்த்தினேன்.

பிறகு மாமாவைக் கைப்பேசியோடு படுக்கையறையில் உட்காரவைத்து வேகச் சோதனை பார்த்தோம். அலமாரியில் இருந்தபோது 11 மெகாபிட் வந்தது, கதவைச் சாத்தினால் அதுவும் இல்லை. மேசைக்கு வந்ததும் 180. டப்பா மாறவில்லை, திட்டமும் மாறவில்லை.

ரவுட்டருக்குப் பக்கத்தில் இருக்கக்கூடாத சில: மீன் தொட்டி (தண்ணீர் அலையைக் குடித்துவிடும்), பெரிய நிலைக்கண்ணாடி (பின்பூச்சு உலோகம்), குளிர்சாதனப் பெட்டி, மைக்ரோவேவ். தொலைக்காட்சிக்குப் பின்னால் ஒளித்து வைப்பதும் அலமாரிக்குள் வைப்பதும் ஒன்றுதான். மூடிய அலமாரியில் இன்னொரு தொல்லை, சூடு. நம் ஊர் வெயிலில் காற்றே இல்லாமல் வெந்துகொண்டிருந்தால் ரவுட்டர் தானாக அணைந்து எழும். அதைத்தான் பலர் 'விட்டுவிட்டு வருது' என்கிறார்கள்.

நான்காம் படி: அமைப்புகள்

ரவுட்டரின் செயலியிலோ, உலாவியில் 192.168.0.1 அல்லது 192.168.1.1 என்று தட்டியோ உள்ளே போங்கள். சரியான முகவரி டப்பாவின் அடியில் ஒட்டியிருக்கும். நிர்வாகக் கடவுச்சொல்லையும் வைஃபை கடவுச்சொல்லையும் வேறு வேறாக வையுங்கள். வைஃபை பெயரில் வீட்டு எண்ணைப் போடாதீர்கள். பாதுகாப்பு முறைக்கு 'டபிள்யூபிஏ2/டபிள்யூபிஏ3' கலவையைத் தேர்ந்தெடுங்கள். கடவுச்சொல் தட்டாமல் பொத்தானை அழுத்தி இணைக்கும் 'டபிள்யூபிஎஸ்' வேண்டாம், அணைத்துவிடுங்கள். மென்பொருள் மேம்பாடு இருந்தால் இப்போதே போட்டுவிடுங்கள். விருந்தாளிகளுக்குத் தனி வைஃபை திறந்து வைத்தால், தீபாவளிக்கு வரும் பிள்ளைகள் எல்லாருக்கும் உங்கள் கடவுச்சொல்லைச் சொல்லவேண்டி வராது.

ஒரே பெயரில் இரண்டு அலைவரிசையும் வரும்படி இருந்தால் பெரும்பாலும் நல்லதே. ஆனால் தரை துடைக்கும் ரோபோ, ஸ்மார்ட் பிளக், பழைய பிரிண்டர் போன்றவை பலவும் 2.4-இல் மட்டுமே இணையும். கைப்பேசி 5-இல் இருக்கும்போது அவற்றைச் சேர்க்க முயன்றால் தடுமாறும். அப்போது 2.4-க்குத் தனிப்பெயர் கொடுத்துச் சேர்த்துவிடுங்கள். அப்படியும் சேராவிட்டால் பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ2-க்கு மட்டும் மாற்றிப் பாருங்கள். பழைய சாதனங்களுக்குப் புதியது புரியாது.

ஒவ்வொரு அலைவரிசையும் சேனல்கள் என்ற தடங்களாகப் பிரிந்திருக்கும். 2.4-இல் 1, 6, 11 ஆகிய மூன்று சேனல்கள்தான் ஒன்றோடொன்று மோதாதவை. அடுக்குமாடியில் மேலும் கீழும் பக்கத்திலும் எத்தனை வீடு! எல்லாரும் இந்த மூன்றுக்குள்தான் நெருக்கியடித்து நிற்கிறார்கள். வீடியோ பார்க்கும் சாதனங்களை 5-க்கு அனுப்பிவிடுங்கள். என் நண்பர் வீட்டில் ஏழு மணியானால் வீடியோ அழைப்பு உறைந்துவிடும். மனைவி குழம்பைச் சூடாக்கும் நேரம் அது. மைக்ரோவேவும் 2.4 பக்கம்தான் இயங்குகிறது. அவருடைய மடிக்கணினியை 5-க்கு மாற்றியதும் குழம்பும் சூடானது, அழைப்பும் நிற்கவில்லை.

5-இல் திடீர் திடீரென ஒரு நிமிடம் காணாமல் போகிறதென்றால், சேனலை 36 முதல் 48-க்குள் மாற்றிப் பாருங்கள். நடுவில் உள்ள பல சேனல்கள் ரேடாரோடு பகிர்ந்துகொள்பவை. ரேடார் சாடை தெரிந்தால் ரவுட்டர் அந்தச் சேனலைக் காலிசெய்தே ஆக வேண்டும்.

ஐந்தாம் படி: 94 வந்தால் சந்தேகப்படுங்கள்

மடிக்கணினியை ரவுட்டரின் லேன் போர்ட்டில் கேபிளால் இணைத்து வேகம் பாருங்கள். ஒரு கிகாபிட் திட்டத்தில் 900 மெகாபிட்டுக்கு மேல் வர வேண்டும். செங்காங்கில் ஒரு நண்பருக்கு எப்போது பார்த்தாலும் 94. காலையிலும் 94, நள்ளிரவிலும் 94. வாடிக்கையாளர் சேவையில் மூன்று முறை சண்டை போட்டு, ரவுட்டருக்கு ஒற்றை நட்சத்திரம் கொடுத்து, புதிதாக ஒன்று வாங்கவும் துணிந்துவிட்டார்.

வைஃபை வேகம் என்றால் ஏறி இறங்கும். இப்படி ஒரே எண்ணில் ஆணி அடித்தாற்போல் நின்றால், எங்கோ ஓர் இணைப்பு 100 மெகாபிட்டில் பேசிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். லேன் கேபிளுக்குள் எட்டு மெல்லிய கம்பிகள். 100-க்கு நான்கு போதும், கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். கிகாபிட்டுக்கு மட்டும் தேவைப்படும் நான்கில் ஒன்று அறுந்தாலும் பெரும்பாலும் இரண்டு பக்கமும் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும், எந்த எச்சரிக்கையும் வராது. அவர் ஓஎன்டிக்கும் ரவுட்டருக்கும் நடுவே போட்டிருந்தது பழைய வீட்டிலிருந்து கொண்டுவந்த கேபிள். பிளக்கின் கொக்கி உடைந்து, ஒரு கம்பி பாதி வெளியே வந்திருந்தது. ரவுட்டர் பெட்டிக்குள் பிளாஸ்டிக் உறையே பிரிக்காமல் புதுக் கேபிள் கிடந்தது. மாற்றினோம். 938. ஒற்றை நட்சத்திரத்தை அவர் இன்னும் திருத்தவில்லை என்பது வேறு கதை.

இத்தனைக்குப் பிறகும் கடைசி அறைக்கு எட்டாவிட்டால், அப்போது டப்பாவை மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம். ஐந்தறை வீட்டில் ஹாலுக்கும் அறைக்கும் நடுவே ஷெல்ட்டர் நிற்கிறது, நடைவழியும் வளைகிறது என்றால் ஒரே ரவுட்டர் போதாது. இரண்டாவதாக ஒன்றைக் கேபிள் இழுத்து வையுங்கள், அதுவும் இதே மலிவு வகையாக இருந்தால் போதும். கேபிள் இல்லாமல் மெஷ் (பல டப்பாக்கள் ஒரே வைஃபையாகச் சேர்ந்து இயங்குவது) போடுவதென்றால் இரண்டாவது டப்பாவைச் சிக்னல் செத்த அறைக்குள் வைக்காதீர்கள். அதற்கே சிக்னல் கிடைக்காது, பிறகு எதைக் கொடுக்கும்? பாதி வழியில் வையுங்கள்.

ரசீதையும் பெட்டியையும் மாற்றித்தரும் கெடு முடியும்வரை தூக்கிப் போடாதீர்கள். கடைக்கோ நிறுவனத்துக்கோ போன் செய்யுமுன் மூன்று எண்களைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்: கேபிளில் வந்த வேகம், ரவுட்டருக்கு எதிரில் நின்று வைஃபையில் வந்த வேகம், அறைக்குள் வந்த வேகம். முதலாவதே குறைவு என்றால் கேபிளை மாற்றிப் பார்த்துவிட்டு நிறுவனத்தைக் கேளுங்கள். முதலாவது சரியாக இருந்து இரண்டாவது மோசம் என்றால் தயங்காமல் ரவுட்டரைத் திருப்பிக் கொடுங்கள். மூன்றாவது மட்டும் மோசம் என்றால் மறுபடி செருப்பு அலமாரியைத் திறந்து பாருங்கள்.