சித்தன்னவாசல் குளத்துக்குள் இறங்கும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சித்தன்னவாசல் ஓவியத்தைப் பார்த்துவிட்டு "இவ்வளவுதானா?" என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் நிறையப் பேர். புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் போகிற வழியில் சுமார் 16 கி.மீ. தூரத்தில் இருக்கும் அறிவர் கோயில், மலைச்சரிவில் குடைந்த ஒரு சின்னச் சமணக் கோயில். அதன் விதானத்தில், அதாவது கூரையின் உட்புறத்தில், ஒரு தாமரைக் குளமே ஓவியமாக இருக்கிறது. போகிற விதத்தில் போனால் அதற்குள் இறங்கிவிடலாம்.

பெரிய தவறு, கூட்டமாகப் போவது. வேன் பிடித்து ஊரையே கூட்டிப்போனால் அந்த மண்டபத்தில் அண்ணாந்து பார்க்க ஒருவருக்கும் இடமிருக்காது. ஒரே ஒரு சிநேகிதரோடு போங்கள், அதுவும் தெரிந்ததையெல்லாம் வாசலிலேயே கொட்டிவிடுகிற ஆளாக வேண்டாம். "யானை எங்கே, கண்டுபிடி பார்ப்போம்" என்று சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே சும்மா நிற்கத் தெரிந்த ஆள் அமைந்தால் அதிர்ஷ்டம்தான்.

அடுத்தது அவசரம். வெளியே பாறை வெயிலில் கூசிய கண்ணோடு உள்ளே வந்ததும் நிமிர்ந்தால் பச்சையும் காவியுமாகக் கறை மாதிரிதான் தெரியும். போனைப் பையில் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நில்லுங்கள். முதலில் இலைகள் பிரியும், பிறகு மொட்டு, மலர், மீன், வாத்து, எருமை, யானை எல்லாம் ஒவ்வொன்றாக வரும். அப்புறம் பூப்பறிக்கும் மூன்று ஆண்கள். நிறையப் பேர் இரண்டு பேரைப் பார்த்ததோடு திரும்பிவிடுகிறார்கள், மூன்றாமவர் கொஞ்சம் தள்ளித் தனியாக இருக்கிறார்.

இதை வெறும் இயற்கைக் காட்சி என்று நினைப்பதும் தவறுதான். சமணர்கள் வணங்கும் ஞானகுருவான தீர்த்தங்கரர் உபதேசம் செய்யும் தெய்வீக மண்டபத்தைச் சமணர்கள் சமவசரணம் என்பார்கள். அங்கே போகிற வழியில் வரும் குளம் இது, பூப்பறிப்பவர்கள் அந்த உபதேசம் கேட்கப் போகும் அடியார்கள் என்பது பலரும் ஏற்கும் விளக்கம். அப்படிப் பார்த்தால் கீழே நிற்கும் நீங்களும் பாதி வழியில் இருக்கிறீர்கள்!

"பல்லவ ராஜா மகேந்திரவர்மன் வரைந்தது" என்று யாராவது அடித்துச் சொன்னால் சட்டென்று தலையாட்டிவிடாதீர்கள். பழைய புத்தகங்களில் அப்படி இருக்கும். ஆனால் மதுரையைச் சேர்ந்த சமண ஆசிரியர் இளங்கௌதமன் இந்தக் கோயிலைப் புதுப்பித்ததைச் சொல்லும் கல்வெட்டு அங்கேயே இருக்கிறது; அது 9ஆம் நூற்றாண்டுப் பாண்டியன் ஸ்ரீவல்லபன் காலத்தது. முன்னால் நிற்கும் தூண் தாழ்வாரமோ 20ஆம் நூற்றாண்டில் சேர்த்தது, அதைப் பார்த்து வயசு கணக்குப் போட வேண்டாம்.

பழைய மண்டபத்தின் தூண்களில் இரண்டு ஆடல் மகளிர், ஒரு ராஜா, ராணி. ரொம்பவே மங்கிவிட்டார்கள். சுண்ணாம்புப் பூச்சின் மேல் தீட்டியது, "சொரசொரப்பா இருக்கா?" என்று விரல் வைத்தால் இருக்கிறதும் போய்விடும். தொடவே தொடாதீர்கள்.

கடைசியாக, நேரம். கோயில் மேற்குப் பார்த்தது, அதனால் பிற்பகலில்தான் உள்ளே வெளிச்சம் நன்றாக வரும். சமண முனிவர்களின் 17 கற்படுக்கைகள் இருக்கிற ஏழடிப்பட்டம் குகைக்கோ பாறையில் ஏற வேண்டும், உச்சி வெயிலில் அது ஆகாது. காலையிலேயே ஏறி இறங்கிவிட்டு, சாப்பிட்டு, வெயில் சாயும்போது குளத்துக்கு வாருங்கள். தண்ணீர் பாட்டில் மறக்காதீர்கள்.