கன்னியாகுமரியில் முத்துமாலை வாங்குமுன் துளையைப் பாருங்கள்

காந்தி மண்டபத்துப் பக்கம் நடந்தாலே கடைகளில் முத்துச் சரம் தொங்கும். விருந்தாளிகள் எல்லாரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "இது அசலா?"

முதலில் அசல் என்றால் என்ன என்று பார்ப்போம். மணல் துகள் விழுந்து முத்தாகிறது என்பது பெரும்பாலும் கதைதான். கடலடியில் கிடக்கும் சிப்பிக்கு மணலைத் தள்ளத் தெரியாதா? ஒட்டுண்ணி துளைத்தோ காயம்பட்டோ அதன் மேலுறைச் செல்கள் (ஓட்டுக்குள் உடலைப் போர்த்தியிருக்கும் தோலின் செல்கள்) சதைக்குள் போய்விட்டால், அங்கே ஒரு பை உண்டாகும். ஓட்டின் உட்புறம் மினுங்குகிறதே, அதே பூச்சை அந்தப் பை அடுக்கடுக்காகப் பூசும். கால்சியம் கார்பனேட் வில்லைகளும் அவற்றை ஒட்டும் புரதமும்தான் அந்தப் பூச்சு.

வளர்ப்பு முத்துக்கு இந்த வேலையை மனிதர் தொடங்கி வைக்கிறார்: மேலுறைத் துண்டு ஒன்றை, பல வகைகளில் கூடவே ஓட்டில் கடைந்த மணி ஒன்றையும், சிப்பிக்குள் வைக்கிறார். 1961-க்குப் பிறகு தூத்துக்குடிப் பார்களில் (முத்துச் சிப்பி வளரும் கடலடிப் பாறைத் திட்டுகளில்) பெரிய முத்துக்குளிப்பு நடக்கவில்லை; 1973-ல் அங்கேயே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் வளர்ப்பு முத்தை உருவாக்கியது. அதுவும் அசல்தான். போலி என்பது கண்ணாடி, பிளாஸ்டிக் மணிக்குப் பூசிய சாயம்.

இனி கடைக்குள் போவோம்.

1. கடைக்காரரிடம் கேட்டுவிட்டு, முன்பல்லில் மெல்ல உரசுங்கள். நறநறத்தால் முத்து, வழுக்கினால் சந்தேகம். இயற்கையா வளர்ப்பா என்பதை இது சொல்லாது. அதற்கு எக்ஸ்ரே வேண்டும்.

2. செல்போன் வெளிச்சத்தில் துளையைப் பாருங்கள். சித்தி மகள் கல்யாணத்துக்கு நான் வாங்கிய சரம் ஒரே மாசத்தில் துளையோரம் வெள்ளைத் தோலாக உரிந்தது, உள்ளே பச்சைக் கண்ணாடி! அன்றைக்குத் துளையைப் பார்த்திருந்தால் தப்பித்திருப்பேன். மணி வைத்து வளர்த்த முத்தில் பூச்சுக்கும் மணிக்கும் நடுவே ஒரு கோடு தெரியலாம். கோட்டுக்கு வெளியே பூச்சு எவ்வளவு தடிமனோ அவ்வளவு நல்லது.

3. டியூப்லைட்டுக்குக் கீழே பிடியுங்கள். விளக்கின் ஓரம் முத்தில் கூர்மையாக விழுந்தால் நீரோட்டம், அதாவது மினுமினுப்பு, நன்றாக இருக்கிறது. பால் கலந்தாற்போல மங்கினால் பேரத்தைக் குறைத்தே தொடங்குங்கள். என் கணக்கில் அளவைவிட இதற்குத்தான் காசு கொடுக்கலாம்.

4. உருட்டிப் பாருங்கள். உருண்டை, பெரிசு, புள்ளியில்லாதது விலை கூடும். சரம் முழுக்க ஒரே நிறமென்றால் இன்னும் கூடும்.

கடைசியில், முத்துக்கு முத்து முடிச்சு இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் நாகர்கோவில் வடசேரியில் நகை கோக்கிறவர்களிடம் கொடுத்து முடிச்சுப் போட்டு வாங்குங்கள். பஸ்ஸில் நூல் அறுந்தாலும் சீட்டுக்கடியில் தேட வேண்டியது ஒரே ஒரு முத்துதான்.