வெறும் ஜாம் போத்தலில் விதையும் விளக்கும்

கார்த்திகை மழை பிடித்துவிட்டால் எங்கள் பக்கம் உப்புக்கூடத் தண்ணீர் விடும். பொலித்தீன் பையில் முடிந்து வைத்த பயறில் பூஞ்சணம் பிடிக்கும், உழுந்தில் வண்டு விழும், மிச்சத்தை எலி பார்த்துக்கொள்ளும். கண்ணாடிப் போத்தலுக்குள் ஈரமும் போகாது, எலிப் பல்லும் போகாது, உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியிலிருந்தே பார்க்கலாம். வன்னியில் தோட்டம் வைத்திருக்கும் வீட்டுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? ஆகவே முடிந்த ஜாம் போத்தலையும் ஊறுகாய்ப் போத்தலையும் குப்பையில் போட வேண்டாம். ஒரே ஒரு வகை மட்டும் வீட்டுக்குள் வரவே கூடாது: பூச்சிமருந்து, களைநாசினி இருந்த போத்தல். எத்தனை தரம் கழுவினாலும் அது சாமான் வைக்க உதவாது.

முதலில் சுத்தம் செய்வோம். போத்தலை இளஞ்சூட்டு நீரில் சவர்க்காரம் கரைத்து ஒரு மணி நேரம் ஊறவிட்டால் கடதாசி லேபல் தானாகக் கழன்று வரும். பசை மட்டும் பிசுபிசுவென்று நிற்கும். தேங்காய் எண்ணெயையும் அப்பச்சோடாவையும் சம அளவில் குழைத்துப் பூசி, அரை மணி நேரம் கழித்துத் தும்பால் தேய்த்தால் அதுவும் போய்விடும்.

அடுத்தது அவித்தெடுப்பது. குளிர்ந்த போத்தலுக்குள் கொதிநீரை ஊற்றாதீர்கள். நான் அப்படி ஊற்றி, அடி தனியாகக் கழன்று விழுந்தது. உள்பக்கம் சட்டென்று விரியும், வெளிப்பக்கம் விரியாது, அதனால்தான் வெடிக்கிறது. பானையின் அடியில் பழந்துணி விரித்து, போத்தலை வைத்து, மூடும் அளவுக்குப் பச்சைத் தண்ணீர் விட்டு, அப்புறம் அடுப்பை மூட்டுங்கள். கொதித்தபின் 10 நிமிடம் விட்டு, ஆறியதும் எடுத்து வெயிலில் கவிழ்த்துக் காயவிடுங்கள். மூடியில் மணம் நின்றால் வினாகிரி பூசி ஓர் இரவு வையுங்கள்.

மூடி இறுக்கமா என்று பார்க்க, தண்ணீர் நிரப்பி மூடி, 10 நிமிடம் தலைகீழாக வையுங்கள். ஒரு சொட்டுக் கசிந்தாலும் அந்தப் போத்தல் விதைக்கு வேண்டாம், ஆணி போட வைத்துக்கொள்ளலாம்.

சரி, விதைக்கு வருவோம். எனக்குப் போத்தலின் முதல் வேலை இதுதான். பயித்தங்காய், வெண்டி, கத்தரி, மிளகாய் என்று வீட்டு விதை கையில் இருந்தால் அடுத்த போகத்துக்குக் கடைப் பைக்கற்றை எதிர்பார்க்க வேண்டியதில்லை. ஆனால் ஈர விதையைப் போத்தலில் அடைத்தால் பையில் இருந்ததைவிட மோசமாகப் பழுதாகும், ஏனென்றால் உள்ளே இருக்கும் ஈரத்துக்கு வெளியே போக வழியில்லை. அதனால் காய்ந்ததா என்று பார்ப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அதற்கும் போத்தலே உதவும். சுத்தமாகக் காய்ந்த போத்தலில் ஒரு மேசைக்கரண்டி தூள் உப்பைப் போடுங்கள். உப்பு முதலில் சட்டியில் வறுத்து ஆறியதாக இருக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்குக்குப் பயறை நிரப்பி, மூடி, ஒரு நிமிடம் நன்றாகக் குலுக்கி, 15 நிமிடம் அசையாமல் வையுங்கள். பிறகு வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். கண்ணாடியின் உள்பக்கத்தில் உப்பு வெள்ளைப் பொட்டுகளாக ஒட்டிக்கொண்டிருந்தால் பயறில் ஏறக்குறைய 15 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கிறது. உப்பு பொலபொலவென்று அடியில் விழுந்து கண்ணாடி துலக்கமாக இருந்தால் காய்ந்துவிட்டது. விதைக்கு என்றால் அதற்குப் பிறகும் இரண்டு நாள் காயவிடுவேன். உப்பில் குலுக்கிய பயறை விதைக்காமல் கழுவிக் கறிக்குப் போட்டுவிடுங்கள்.

காய்ந்த பயறு, உழுந்து, கௌபியை வண்டிடமிருந்து காக்க விறகடுப்புச் சாம்பல் போதும். சாம்பலை அரித்து, நன்றாக ஆறவிட்டு, விதைகளுக்கு இடையே இடைவெளி தெரியாத அளவுக்குக் கலந்து, போத்தலின் கழுத்துவரை நிரப்புங்கள். வண்டு நகரவும் இடமிராது, மூச்சுவிடக் காற்றும் குறையும். சாம்பல் இல்லாத வீட்டில், ஒரு கிலோவுக்கு 5 மில்லிலீற்றர், அதாவது ஒரு தேக்கரண்டி, சமையல் எண்ணெய் விட்டுப் பிசறினாலும் வண்டு முட்டை பெருகாது.

கத்தரி, மிளகாய் விதை கொஞ்சமாகத்தான் இருக்கும். நிழலில் ஒரு கிழமை காயவைத்து, பெயரும் திகதியும் எழுதிய கடதாசிப் பொட்டலத்தில் மடியுங்கள். போத்தலின் அடியில், பொன்னிறமாக வறுத்து ஆறிய அரிசியைத் துணியில் முடிந்து போட்டு, அதன்மேல் பொட்டலங்களை வையுங்கள். மிச்ச ஈரத்தை அரிசி இழுத்துக்கொள்ளும். போத்தல் இருக்க வேண்டிய இடம் அடுப்படி இல்லை, வீட்டின் இருட்டான, குளிர்ந்த மூலை.

குசினிப் பாவனைக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. மிளகாய்த்தூள், வறுத்த கச்சான், எள்ளு எல்லாம் போத்தலில் மாதக்கணக்கில் மொறுமொறுப்பும் மணமும் குறையாமல் நிற்கும். தேசிக்காய் ஊறுகாய்க்கு மட்டும் கவனம் வேண்டும்: உப்பும் புளிப்பும் தகர மூடியை அரிக்கும். துருப்பிடித்த மூடியை விட்டுவிடுங்கள், நல்ல மூடிக்கும் உள்ளே உணவு சுற்றும் பொலித்தீன் ஒரு துண்டு வைத்து மூடுங்கள். காட்டுத்தேன் விடும் போத்தலில் ஒரு சொட்டு ஈரமும் இருக்கக் கூடாது, இருந்தால் தேன் புளித்து நுரைக்கும்.

மணி பிளான்ற் போன்ற கொடியைத் தண்ணீர்ப் போத்தலில் வளர்ப்பது அழகுதான். ஆனால் டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பாக ஒரு கிழமை, பத்து நாள் போதும். ஆகவே மூன்று நாளுக்கு ஒரு தரம் தண்ணீரைக் கொட்டி, உள்சுவரையும் தேய்த்துக் கழுவுங்கள், முட்டை சுவரில்தான் ஒட்டியிருக்கும். அதற்கு நேரமில்லாத வீட்டில் மண் நிரப்பி நடுவது நல்லது.

கடைசியாக விளக்கு. 1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது மண்ணெண்ணெயை மிச்சம் பிடிக்க, ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, சைக்கிள் ரியூப் வால்வுக்குள் திரி கோத்து எரித்தார்கள். அந்த வெளிச்சத்தில் படித்துச் சோதனை எழுதியவர்கள் எங்கள் ஊர்களில் நிறையப் பேர். இப்போது கரண்ட் போகும் இரவுக்கும் கார்த்திகை விளக்கீட்டுக்கும் நான் செய்வது தேங்காய் எண்ணெய் விளக்கு. அகன்ற வாய்ப் போத்தலாக எடுங்கள். ஒரு சாண் கட்டுக்கம்பியின் ஒரு முனையைப் பென்சிலில் நான்கு சுற்றுச் சுற்றிச் சுருளாக்குங்கள், மறு முனையை வளைத்து விளிம்பில் கொளுவுங்கள். சுருளுக்குள் பஞ்சுத் திரியை விட்டு, நுனி ஒரு நெல்மணி அளவு வெளியே நிற்கட்டும். திரியின் வால் எண்ணெயில் கிடக்க, சுருள் எண்ணெய் மட்டத்துக்குச் சற்று மேலே நிற்க வேண்டும். இதில் மண்ணெண்ணெய் விட வேண்டாம், எரியும்போது மூட வேண்டாம், பிள்ளைகள் கைக்கு எட்டவும் வைக்க வேண்டாம். ஏற்றும்போது நுனியை எண்ணெயில் தொட்டு எடுங்கள். முதல் நிமிடம் சுடர் துடிக்கும், பிறகு நிதானமாக நிற்கும், முற்றத்துக் காற்றுக்கும் அணையாது.