பள்ளி போகாத பிள்ளையும் இணையமும்: பெற்றோர் சறுக்கும் இடங்கள்

பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்திய வீட்டில் அடுத்து நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான். ஹோம்ஸ்கூலிங் வாட்ஸ்அப் குழு ஏதாவது ஒன்றில் சேர்ந்து, "எட்டு வயசுப் பையனுக்கு நல்ல ஆப் இருந்தா சொல்லுங்களேன்" என்று கேட்பார்கள். அரை மணி நேரத்தில் லிங்க்குகள் வந்து குவியும். கான் அகாடமி, குழந்தைகள் நிரல் எழுதி விளையாட்டு செய்யும் ஸ்க்ராட்ச், ஸ்டோரிவீவர், ஃபெட், அரசின் பாடத்தளமான தீக்‌ஷா என்று வருகிற எல்லாமே நல்லவை, இலவசமும்கூட. அத்தனையையும் சேமித்து, ஏழெட்டில் கணக்கும் தொடங்கிவிட்டு, இரண்டு மாதம் கழித்து "ஆன்லைன் எங்க பையனுக்கு ஒத்துவரல" என்பார்கள்.

அவனுக்கு எதில் ஆசை, எங்கே தடுமாறுகிறான், தமிழில் சொன்னால் புரிகிறதா ஆங்கிலத்தில் சொன்னால் புரிகிறதா என்று பார்க்கும் முன்பே ஆப் தேட ஆரம்பித்ததில்தான் பிசகு. ஒரு நேரத்தில் இரண்டே இரண்டு போதும் என்பது என் கட்சி. கணக்குக்கு ஒன்று, வாசிப்புக்கு ஒன்று. மூன்றாவது வேண்டுமென்றால் பிள்ளையே கேட்கட்டும்.

திங்கட்கிழமை காலையே தொடங்கும் திரைப்பள்ளி

வெள்ளிக்கிழமை பள்ளியை விட்டு நின்ற குழந்தை திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருக்கிறது. ஒன்பதிலிருந்து பத்து கணக்கு, பத்திலிருந்து பதினொன்று அறிவியல், நடுவே பத்து நிமிட இடைவேளை. மணி அடிக்க ஆள் இல்லை என்பதைத் தவிர எல்லாமே பழைய பள்ளிதான். பள்ளியிலாவது பக்கத்து பெஞ்சில் ஒரு நண்பன் இருந்தான்.

பள்ளியிலிருந்து வந்த குழந்தைக்கு அந்தப் பழக்கம் உதிரக் கொஞ்சம் காலம் வேண்டும். எத்தனை வருடம் பள்ளிக்குப் போனதோ அத்தனை மாதம் சும்மா விடுங்கள் என்று இந்த வழியில் முன்னே போனவர்கள் சொல்வார்கள். இதற்கு ஆய்வு ஆதாரம் தேட வேண்டாம், கைக்கணக்குதான். ஆனால் அந்த மாதங்களில்தான் பிள்ளை எதை நோக்கிப் போகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். பாடத்திட்டம் இல்லாமல் பிள்ளை தன் ஆசையின் போக்கிலேயே கற்பதற்கு அன்ஸ்கூலிங் என்ற பெயரை 1970-களில் பரவலாக்கிய அமெரிக்கர் ஜான் ஹோல்ட் பல ஆண்டுகள் வகுப்பறையில் பாடம் நடத்தியவர். குழந்தைகள் பாடத்தைவிட ஆசிரியரின் முகத்தைப் படித்தே பதில் சொல்லக் கற்கிறார்கள் என்பதை அங்கே உட்கார்ந்து பார்த்தவர். முகம் இருந்த இடத்தில் திரை வந்தால், குழந்தை திரையைப் படிக்கக் கற்றுக்கொள்ளும். நான்கு விடைகளில் எது பச்சையாகும் என்று ஊகிப்பதில் பத்து வயதுப் பிள்ளைகளுக்கு இருக்கும் திறமையைப் பார்த்தால் அசந்துபோவீர்கள்.

நல்லதையே பாதியாகப் பயன்படுத்துவது

கான் அகாடமியை எடுத்துக்கொள்வோம். சல்மான் கான் 2004-ல் உறவுக்காரச் சிறுமிக்குத் தொலைவிலிருந்து கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போய் வளர்ந்த அமைப்பு இது. கட்டணமும் இல்லை, விளம்பரமும் இல்லை. இதில் பெற்றோர் செய்யும் முதல் பிழை, பிள்ளையின் வயதுக்கு எந்த வகுப்போ அதில் நேராகச் சேர்த்துவிடுவது. வீட்டில் வளரும் பிள்ளை எல்லாப் பாடத்திலும் ஒரே வகுப்பில் இருப்பதில்லை. வடிவியலில் ஏழாம் வகுப்புக் கணக்கு போடும் பெண்ணுக்குப் பின்னத்தில் நான்காம் வகுப்பே இடறலாம். இரண்டு வகுப்பு கீழே தொடங்கி, பாடப்பிரிவின் முடிவில் இருக்கும் தேர்வை முதலிலேயே எழுதச் சொல்லுங்கள். எங்கே தப்புகிறதோ அங்கே மட்டும் பாடம் பார்த்தால் போதும்.

இன்னொன்று, வீடியோவை மட்டும் பார்ப்பது. கணக்கு வீடியோவைப் பார்க்கும்போது எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும். பென்சிலை எடுத்தால்தான் குட்டு வெளிப்படும். கான் அகாடமியின் உயிர் பயிற்சிக் கணக்குகளில் இருக்கிறது. அங்கே கிடைக்கும் புள்ளிகளையும் பதக்கங்களையும் வைத்து "இன்னிக்கு எவ்வளவு வாங்கினே?" என்று கேட்கத் தொடங்கினால், சீக்கிரமே பிள்ளை தனக்குத் தெரிந்த எளிய கணக்குகளையே திரும்பத் திரும்பப் போட்டுப் புள்ளி சேர்க்கும்.

ஃபெட் கதை வேறு. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-ல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய, திரையிலேயே செய்து பார்க்கும் அறிவியல் பாவனைச் சோதனைகள் அவை. பலவற்றுக்குத் தமிழாக்கமும் உண்டு. இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாமலும் ஓடும். மின்சுற்று அமைக்கும் சோதனையில் பேட்டரியின் இரு முனைகளையும் வெறும் கம்பியால் இணைத்தால் திரையில் தீப்பிடிக்கும், குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். ஆனால் அந்தத் திரையில் லூஸ் காண்டாக்ட் கிடையாது. துருப்பிடித்த ஸ்பிரிங் கிடையாது. பாதி தீர்ந்த பேட்டரியை யாரும் உங்கள் கையில் தரமாட்டார்கள். நிஜமான பல்பை எரியவைக்க அரைமணி நேரம் மல்லுக்கட்டும்போது கற்பதை அது கற்பிக்காது. அங்கே ஒன்றைச் செய்து பார்த்த அன்றே ஒரு டார்ச் பல்பு, இரண்டு பேட்டரி, கொஞ்சம் ஒயர் வாங்கித் தராவிட்டால் அது இன்னொரு வீடியோ கேம்தான்.

அரவிந்த் குப்தாவின் இணையதளத்துக்கும் இதே கதி நேர்வதைப் பார்க்கிறேன். தீக்குச்சி, சைக்கிள் வால்வ் டியூப், பழைய செய்தித்தாள், ஸ்ட்ரா என்று குப்பையில் போகும் பொருட்களை வைத்து நூற்றுக்கணக்கான அறிவியல் பொம்மைகளைச் செய்துகாட்டும் குறும்படங்கள் அங்கே இருக்கின்றன, தமிழ் விளக்கத்தோடும் உண்டு. ஒரு மதியத்தில் இருபது படம் பார்த்துவிட்டு ஒரு பொம்மைகூடச் செய்யாமல் எழுந்துபோகும் பிள்ளைகள் அநேகம். ஒரு படம், ஒரு பொம்மை என்று வைத்துக்கொள்ளுங்கள். செய்து முடித்த பிறகுதான் அடுத்தது.

மொழி விஷயத்தில் நம் வீடுகளில் நடப்பதைச் சொல்லவே வேண்டாம். அமெரிக்க ஒர்க்‌ஷீட்டுகள் இலவசமாகக் கிடைக்கின்றன என்று மொத்தமாகப் பிரிண்ட் எடுக்கிறார்கள். ஆறு வயதுக் குழந்தை டைம், நிக்கல் என்று பார்த்தறியாத காசுகளை எண்ணுகிறது, அங்குலத்தில் அளக்கிறது. அக்டோபரில் இலை உதிரும் என்று படிக்கும் வேளையில் வெளியே வடகிழக்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருக்கிறது. தமிழ்நாட்டுப் பாடநூல்களும் என்சிஇஆர்டி பாடநூல்களும் பிடிஎஃப் ஆக இலவசமாகவே கிடைக்கின்றன. பள்ளியே வேண்டாமென்று வந்தவர்களுக்குப் பாடநூல் கசக்கும் என்பது புரிகிறது. அதற்காக லிட்டரும் ரூபாயும் தெரியாமல் வளர்க்க முடியுமா?

வாசிப்புக்கு, குழந்தைகள் நூல் பதிப்பகமான பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளம் இருக்கிறது. தமிழ்க் கதைகள் ஏராளம், வாசிப்பு நிலை வாரியாகப் பிரித்திருக்கிறார்கள், இறக்கி அச்சடித்துக்கொள்ளவும் அனுமதி உண்டு. யார் வேண்டுமானாலும் மொழிபெயர்த்து ஏற்றலாம் என்பதால் சில கதைகளின் தமிழ் நொண்டும். பிள்ளைக்குக் கொடுக்கும் முன் ஒருமுறை சத்தமாகப் படித்துப் பாருங்கள், நாக்கு தடுக்கினால் ஒதுக்கிவிடுங்கள். பெரிய பிள்ளைகளுக்கு, தமிழ் இலக்கியங்களை இணையத்தில் இலவசமாகத் தரும், 1998-லிருந்து இயங்கும் மதுரைத் திட்டமும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகமும் போதும் போதும் என்கிற அளவுக்கு இருக்கின்றன. ஏஐ சாட்பாட்டிடம் குறளும் பொருளும் கேட்கும் பிள்ளைகள் அவசியம் இவற்றைத் திறந்து சரிபார்க்க வேண்டும். வள்ளுவர் எழுதாத குறளைக் கூசாமல் எண்ணோடு தருவது அதன் வழக்கம்.

யூடியூப் நடத்தும் அன்ஸ்கூலிங்

அன்ஸ்கூலிங் பக்கம் போன பெற்றோரின் சறுக்கல் நேர் எதிர்த் திசையில். "அவனுக்குப் பிடிச்சதை அவனே தேடிக் கத்துக்குவான்" என்று டேப்லெட்டைக் கொடுத்துவிடுகிறார்கள். டைனோசர் எலும்பில் தொடங்கியவன் முக்கால் மணி நேரத்தில் யாரோ பொம்மை டப்பா பிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பான். முதல் வீடியோவைத்தான் அவன் தேடினான். மற்றதெல்லாம் தானாக ஓடி வந்தது. இதைக் குழந்தையின் சுதந்திரம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆட்டோபிளேயை அணைத்துவிட்டு, ஒவ்வொரு வீடியோவையும் தேடிப்போய்த்தான் திறக்க வேண்டும் என்று வைத்தாலே பாதி தீர்ந்தது. மீதிப் பாதிக்கு நீங்கள் பக்கத்தில் உட்கார வேண்டும், அதற்கு ஆப் இல்லை.

இதற்கும் எதிர்முனை ஒன்று உண்டு. பெண் எறும்புப் புற்றை உற்றுப் பார்த்தாள் என்பதற்காக அன்றிரவே ஆன்லைன் பூச்சியியல் வகுப்பில் சேர்த்துவிடுவது. அவள் அதற்கப்புறம் எறும்பைத் திரும்பிப் பார்ப்பாளா என்பது சந்தேகம்.

இணையம் பிள்ளையை வெளியே துரத்துகிறதா, உள்ளே இழுக்கிறதா என்று பார்த்தால் நல்லது கெட்டது ஓரளவு பிடிபடும். பொங்கல் விடுமுறையில் நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பு எனக்குப் பிடித்த உதாரணம். குறைந்தது பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் பறவைகளைப் பார்த்து எண்ணி, இ-பேர்ட் தளத்தில் பட்டியல் ஏற்ற வேண்டும். வீட்டு மொட்டை மாடியே போதும். தவிட்டுக்குருவி எத்தனை, செண்பகம் எத்தனை என்று எண்ணும் குழந்தை ஒரே நேரத்தில் கணக்கு, உயிரியல், பொறுமை மூன்றையும் படிக்கிறது. இங்கேயும் வழுக்கும் இடம் உண்டு. மெர்லின் ஆப் ஒலியைக் கேட்டு ஒரு பெயர் சொன்னதும் பறவையைப் பார்க்காமலே பட்டியலில் ஏற்றிவிடக் கூடாது. ஆப் சொல்வது ஊகம், கண்ணாலோ காதாலோ நாமே உறுதி செய்ய வேண்டும்.

கணக்குத் தொடங்கும்போது வயதைப் பொய்யாகப் போடுவது நம் ஊரில் சர்வசாதாரணம். கூகுள் கணக்கைத் தனியாக வைத்துக்கொள்ள 13 வயது ஆகியிருக்க வேண்டும். பெரியவர் என்று பதிந்தால் பெரியவர்களுக்கான விளம்பரமும் பரிந்துரையும் வந்து சேரும். ஸ்க்ராட்ச் தளத்தில் பிள்ளை செய்த விளையாட்டை உலகமே பார்க்கலாம், கருத்தும் எழுதலாம். ஆகவே சொந்தப் பெயர், ஊர், முகம் மூன்றும் அங்கே வேண்டாம்.

டெமோ கிளாஸும் தவணையும்

இலவச டெமோ வகுப்பு முடிந்ததும் போன் வரும். "உங்க பொண்ணு ரொம்ப பிரில்லியண்ட் மேடம், இந்த ஆஃபர் இன்னிக்கு ராத்திரி வரைக்கும்தான்." மூன்று வருடத்துக்கான கட்டணம் பல ஆயிரத்தில் இருக்கும், "மாசத் தவணைதானே" என்பார்கள். அந்தத் தவணை பல இடங்களில் கட்டணமே இல்லை, ஏதோ ஒரு நிதி நிறுவனத்திடம் உங்கள் பெயரில் எடுத்த கடன். பிள்ளை வகுப்பை நிறுத்தினாலும் கடன் நிற்காது. இந்தத் தொழிலின் ராட்சதனாக இருந்த பைஜூஸே 2024-ல் திவால் நடவடிக்கைக்குள் போனது. மூன்று வருடச் சந்தா கட்டுகிறவர்கள் அதை ஒரு கணம் நினைத்துக்கொள்ளட்டும். ஆட்டோ டெபிட்டுக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள் என்று மத்திய கல்வி அமைச்சகமே 2021 டிசம்பரில் பெற்றோரை எச்சரித்தது. மாதச் சந்தா மட்டும் கட்டுங்கள். பிள்ளை மூன்று மாதம் தொடர்ந்து விரும்பிப் போனால் வருடச் சந்தாவைப் பற்றி யோசிக்கலாம்.

தேர்வைப் பதினைந்து வயதில் நினைப்பது

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தில் ஹோம்ஸ்கூலிங் பற்றிப் பேச்சே இல்லை. 6 முதல் 14 வயது வரை பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது 10-வது பிரிவு, சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதுவும் சொல்லவில்லை. அந்த இடைவெளியில்தான் இத்தனை குடும்பங்களும் நடமாடுகின்றன.

எந்த ஆப்பும் சான்றிதழ் தராது. தருகிறேன் என்று சொன்னாலும் கல்லூரி வாசலில் அது செல்லாது. வெளிநாட்டு ஆன்லைன் பள்ளியின் பட்டயத்தை நம்பிச் சேருமுன், இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கமான ஏஐயூ அதற்கு இணைச்சான்று தருமா என்று விசாரியுங்கள். பெரும்பாலான குடும்பங்கள் கடைசியில் வந்து சேர்வது தேசிய திறந்தநிலைப் பள்ளியான என்ஐஓஎஸ்-இல். பத்தாம் வகுப்புக்குச் சமமான நிலையில் சேரக் குறைந்தபட்சம் 14 வயது வேண்டும், அந்த நிலையில் தமிழ் வழியிலும் எழுதலாம். பதிவு ஐந்து ஆண்டுகள் செல்லும், அதற்குள் ஒன்பது வாய்ப்பு. ஏப்ரல்-மேயிலும் அக்டோபர்-நவம்பரிலும் தேர்வு நடக்கிறது.

சேர்ந்த உடனே எழுதிவிடலாம் என்று நினைப்பது இங்கே வழக்கமான தப்பு. ஏப்ரல் தேர்வுக்கு முந்தைய ஆண்டிலேயே சேர்ந்திருக்க வேண்டும். 20 சதவீத மதிப்பெண் டிஎம்ஏ எனப்படும் ஒப்படைப்புகளுக்கு என்பதையும், அறிவியலுக்குச் செய்முறைத் தேர்வு உண்டு என்பதையும் பலர் கடைசி மாதத்தில்தான் கவனிக்கிறார்கள். எந்தப் பாடங்களை எடுக்கிறோம் என்பது இன்னும் முக்கியம். பிடித்த பாடமாகப் பார்த்துப் பன்னிரண்டாம் நிலையை முடித்த பிறகு பையன் ஐஐடி என்றால், ஐந்து பாடம் இருக்கிறதா, அதில் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் இருக்கின்றனவா என்று அப்போது தேடிப் பயனில்லை. பிள்ளை பன்னிரண்டு வயதைத் தொடும்போதே இதை உட்கார்ந்து பேசிவிடுங்கள். மீதி ஆண்டுகளில் அவன் தேனீ வளர்க்கலாம், கர்நாடக சங்கீதம் படிக்கலாம், சும்மாவும் இருக்கலாம்.

ஆப்பின் முன்னேற்றப் பக்கத்தையே பதிவேடு என்று நம்ப வேண்டாம். சந்தா முடிந்தால் அதுவும் போய்விடும். தேதி போட்டு ஒரு நோட்டில் வாரம் ஒரு பக்கம்: என்ன படித்தான், எங்கே போனான், எதைச் செய்தான். செய்த பொருளின் போட்டோ, எழுதிய தாள் ஒன்றிரண்டு. பிள்ளை என்றைக்காவது "நான் ஸ்கூலுக்குப் போறேன்" என்று கேட்டால் (கேட்பார்கள், அதில் தோல்வி ஒன்றும் இல்லை) தலைமை ஆசிரியர் முன் வைக்க அந்த நோட்டு உதவும். பள்ளியில் சேராதிருந்த பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கவும், விட்ட பாடத்தைப் பிடிக்கத் தனிப் பயிற்சி தரவும் கல்வி உரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவு வழி செய்கிறது. "ஒண்ணாம் கிளாஸ்லேர்ந்து ஆரம்பிக்கணும்" என்று யாராவது சொன்னால் அந்தப் பிரிவின் எண்ணைச் சொல்லுங்கள்.