குறைந்த விலையில் சின்ன மானிட்டர்: வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

விலை குறைந்த மானிட்டர் என்றால் எங்கோ எதையோ குறைத்திருப்பார்கள். படம் தெரியும் பலகையான பேனலில் குறைத்திருக்கலாம், ஸ்டாண்டில் குறைத்திருக்கலாம், பின்பக்க இணைப்புகளில் குறைத்திருக்கலாம். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சடிப்பது குறைக்காத பாகத்தைப் பற்றி மட்டுமே. தினமும் பல மணி நேரம் எழுத்துகளைப் பார்த்துக் கொண்டிருக்கப் போகிறவர் படிக்க வேண்டியது விவரப்பட்டியலின் அடிப்பகுதியை. அங்கே எதைத் தேடுவது, எதை நம்பாமல் விடுவது என்று பார்ப்போம்.

அங்குலத்தை மட்டும் பார்த்து வாங்குவது

அங்குலம் என்பது திரையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்காக அளந்த நீளம். உயரம் எவ்வளவு என்று அது சொல்லாது. பழைய 19 அங்குலச் சதுர மானிட்டரை (5:4 விகிதம்) எடுத்துவிட்டு 21.5 அங்குல அகலத்திரை வாங்குகிறவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள். அகலம் சுமார் 37.7 செ.மீ.யிலிருந்து 47.6 செ.மீ. ஆகக் கூடுகிறது. உயரமோ 30.1 செ.மீ.யிலிருந்து 26.8 செ.மீ. ஆகக் குறைந்துவிடுகிறது. 23.8 அங்குலத் திரையில்கூட உயரம் 29.6 செ.மீ.தான். நீளமான ஆவணங்களைப் படிப்பதுதான் முக்கிய வேலை என்றால், 1920×1200 பிக்சல் கொண்ட 24 அங்குல 16:10 திரை கிடைக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

அளவைவிட முக்கியம் ரெசல்யூஷன், அதாவது திரையின் அகலத்திலும் உயரத்திலும் உள்ள புள்ளிகளின் (பிக்சல்) எண்ணிக்கை. 18.5 அங்குலத் திரைகள் பெரும்பாலும் 1366×768 பிக்சலோடும், 19.5 அங்குலத் திரைகள் பெரும்பாலும் 1600×900 பிக்சலோடும் வருகின்றன. 1366 பிக்சல் அகலத்தில் இரண்டு ஜன்னல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒவ்வொன்றுக்கும் 683 பிக்சல்தான். பல இணையப் பக்கங்கள் அந்த அகலத்தில் கைப்பேசி வடிவத்துக்குச் சுருங்கிக்கொள்ளும். இன்று அன்றாட வேலைக்கு 1920×1080க்குக் கீழே இறங்க வேண்டாம். விவரப்பட்டியலில் "1080 வரை ஏற்கும்" என்று எழுதியிருந்தால் கவனம் தேவை. உள்ளே வரும் படத்தை ஏற்றுக்கொண்டு, தன் குறைந்த பிக்சல்களுக்குள் அமுக்கிக் காட்டும் திரையாக அது இருக்கலாம். நேட்டிவ் ரெசல்யூஷன் (திரையில் உண்மையாகவே உள்ள பிக்சல்கள்) எவ்வளவு என்ற வரியைத்தான் பார்க்க வேண்டும்.

அதே 1920×1080, திரை பெரிதாகப் பெரிதாக எழுத்தின் கூர்மையை இழக்கும். 21.5 அங்குலத்தில் ஓர் அங்குலத்துக்கு 102 பிக்சல், 23.8 அங்குலத்தில் 93, 27 அங்குலத்தில் 82. விண்டோஸ் 96 பிக்சலை அடிப்படையாக வைத்து எழுத்தின் அளவைக் கணக்கிடுகிறது. அதனால் முதல் இரண்டு அளவுகளும் எந்தத் திருத்தமும் இல்லாமலே வசதியாக இருக்கும். எழுத்து சற்றுப் பெரிதாக வேண்டும் என்பவருக்கு 23.8 அங்குலம் பொருத்தம்.

வாங்கிய பிறகு செய்யும் ஒரு தவறும் இதோடு சேர்ந்தது. எழுத்து சின்னதாகத் தெரிகிறதென்று ரெசல்யூஷனை 1280×720க்கு இறக்கிவிடுவார்கள். எல்சிடி திரையின் பிக்சல்கள் நிலையானவை. குறைந்த ரெசல்யூஷனை முழுத்திரைக்கு இழுத்துக் காட்டும்போது எழுத்தின் ஓரங்கள் மங்கும், தலைவலி வரும். ரெசல்யூஷனை அப்படியே விட்டுவிட்டு, டிஸ்ப்ளே அமைப்பில் ஸ்கேலிங்கை 125 சதவீதமாக்குங்கள்.

பேனல் எதுவென்று கேட்காமல் விடுவது

"எல்இடி மானிட்டர்" என்ற சொல், பின்னால் எரியும் விளக்கைப் பற்றி மட்டுமே பேசுகிறது. முன்னால் இருக்கும் பேனல் டிஎன், ஐபிஎஸ், விஏ என்ற மூன்று வகைகளில் ஒன்றாக இருக்கும். டிஎன் மலிவு. அதற்கு நேராக உட்கார்ந்திருக்கும் வரை பெரிய குறை தெரியாது. சற்றுக் கீழிருந்து பார்த்தால் நிறங்கள் கருத்துத் தலைகீழாகும். நேராக உட்கார்ந்தாலும் திரையின் மேல்பகுதியும் கீழ்ப்பகுதியும் வேறு வேறு வெளிச்சத்தில் தெரியும், ஏனென்றால் கண்ணிலிருந்து அவற்றுக்கான கோணமே வேறு.

பேனலின் பெயரைப் போடாத பட்டியலிலும் அதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. பார்வைக் கோணம் 170/160 என்றோ 90/65 என்றோ இருந்தால் அநேகமாக டிஎன். 178/178 என்றிருந்தால் ஐபிஎஸ் அல்லது விஏ. அந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவது ஸ்டாட்டிக் கான்ட்ராஸ்ட் (பின்விளக்கை மாற்றாமல் வெள்ளைக்கும் கருப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம்): 1000:1 அல்லது அதைச் சற்றுத் தாண்டியிருந்தால் ஐபிஎஸ், 3000:1 அளவில் இருந்தால் விஏ. இருட்டறையில் படம் பார்க்க விஏ நல்லது, கருப்பு கருப்பாகவே தெரியும். ஆனால் மலிவான விஏ பேனல்களில் இருண்ட பின்னணியில் எழுத்தை உருட்டினால் பின்னாலேயே ஒரு கருநிழல் இழுபடும். படிக்க, எழுத, கணக்குப் பார்க்க என்று வாங்குகிறவருக்கு ஐபிஎஸ்தான் எங்கள் தேர்வு.

நிறத்தில் ஒரே ஓர் எண்ணைப் பாருங்கள். "72 சதவீத என்டிஎஸ்சி" (பழைய தொலைக்காட்சி நிறத்தரம்) என்றால், கணினிகளின் வழக்கமான நிறவரம்பான எஸ்ஆர்ஜிபி முழுவதற்கும் ஏறக்குறையச் சமம். "45 சதவீத என்டிஎஸ்சி" என்றால் சிவப்பு செங்கல் நிறமாகவும் முகங்கள் வெளிறியும் தெரியும். குறுகிய நிறவரம்பை அமைப்புகளில் சரிசெய்ய முடியாது.

பெரிய எண்களுக்கு மயங்குவது

டைனமிக் கான்ட்ராஸ்ட் 1 கோடிக்கு 1 என்று போட்டிருப்பதை மறந்துவிடுங்கள். காட்சி இருட்டானால் பின்விளக்கையே மங்கச் செய்து எடுக்கும் அளவு அது. அந்த வசதியை இயக்கினால், வெள்ளைப் பக்கத்துக்கும் கருப்புப் பக்கத்துக்கும் மாறும்போதெல்லாம் திரை வெளிச்சம் ஏறி இறங்கும். வந்ததும் அணைத்துவிடுங்கள்.

திரையின் வேகமாகப் போடும் "1 மி.வி." (மில்லிவிநாடி) என்பதற்குப் பக்கத்தில் எம்பிஆர்டி (நகரும் படத்தின் மங்கலை அளக்கும் எண்) என்று இருந்தால், பின்விளக்கை விட்டுவிட்டு எரியவைத்துப் பெற்ற எண் அது. இயக்கினால் வெளிச்சம் குறையும், சிலருக்குக் கண் உறுத்தும். பிக்சல்களை வேகமாக நிறம் மாறவைக்கும் ஓவர்டிரைவை உச்சத்தில் வைத்தால் நகரும் பொருளுக்குப் பின்னால் வெளிறிய நிழல் தோன்றும், நடுவில் வைப்பதே நல்லது. எச்டிஆர் (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் அதிக வேறுபாடு காட்டும் வசதி) முத்திரையும் இப்படித்தான். மானிட்டர் தரங்களை வகுக்கும் வெசா அமைப்பின் டிஸ்ப்ளேஎச்டிஆர் தரத்தில் ஆகக் கீழ்ப்படியே 400 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அலகு) உச்ச வெளிச்சம் கேட்கிறது. 250 நிட்ஸ் தரும் திரை எச்டிஆர் சிக்னலை வாங்கிக்கொள்ளும், காட்ட முடியாது. சாதாரண அறைக்கு 250 நிட்ஸ் போதும், ஜன்னலோரம் என்றால் 300 தேடுங்கள்.

திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்பதைச் சொல்லும் ஹெர்ட்ஸ் 75 அல்லது 100 இருந்தால் பக்கத்தை உருட்டும்போது இதமாக இருக்கும். அதற்காக டிஎன் பேனலுக்கு இறங்குவது லாபமில்லை. இன்னொன்று: பல கணினிகள் தாமாக 60 ஹெர்ட்ஸிலேயே நின்றுவிடும். டிஸ்ப்ளே அமைப்பில் போய் நீங்கள்தான் மாற்ற வேண்டும்.

இணைப்பைச் சரிபார்க்காமல் வாங்குவது

அதிகப் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். மானிட்டர் வந்துவிடும், கேபிள் செருக இடமிருக்காது. ஆர்டர் போடும் முன் கணினியின் பின்பக்கத்தையும் பக்கவாட்டையும் பார்த்து என்னென்ன துளைகள் (எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட், யுஎஸ்பி-சி, பழைய விஜிஏ) உள்ளன என்று எழுதிக்கொள்ளுங்கள்.

கன்வெர்ட்டர்கள் ஒரு திசையில்தான் வேலை செய்யும். கணினியில் எச்டிஎம்ஐ, மானிட்டரில் விஜிஏ என்றால் அதற்கு ஒரு கன்வெர்ட்டர். கணினியில் விஜிஏ, மானிட்டரில் எச்டிஎம்ஐ என்றால் அது வேறு பொருள், பெரும்பாலும் யுஎஸ்பி வழியாகத் தனி மின்சாரமும் கேட்கும். முதலாவதை வாங்கித் திருப்பிச் செருகினால் திரை கருப்பாகவே இருக்கும். டிஸ்ப்ளேபோர்ட்டும் அப்படியே. கணினியின் டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐ மானிட்டருக்கு எளிய கேபிளே பொதுவாகப் போதும். கணினியின் எச்டிஎம்ஐயிலிருந்து டிஸ்ப்ளேபோர்ட் மட்டுமே உள்ள மானிட்டருக்குப் போக, உள்ளே சில்லு வைத்த ஆக்டிவ் கன்வெர்ட்டர் வேண்டும்.

யுஎஸ்பி-சி துளை இருப்பதாலேயே படம் வந்துவிடாது. கணினியின் துளை டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட் (அதே துளை வழியாகப் படத்தை அனுப்பும் வசதி) கொண்டதாக இருக்க வேண்டும், கேபிளும் வீடியோவைக் கடத்துவதாக இருக்க வேண்டும். சார்ஜருடன் வந்த கேபிள் பெரும்பாலும் அதைச் செய்யாது. ஒரே கேபிளில் மடிக்கணினிக்கு மின்சாரமும் வேண்டுமென்றால் மானிட்டர் எத்தனை வாட் கொடுக்கும் என்று பாருங்கள். 65 வாட் கேட்கும் கணினிக்கு 15 வாட் கொடுத்தால் பேட்டரி இறங்கிக்கொண்டே போகும்.

விஜிஏவில் இணைத்து எழுத்துக்கு நிழல் விழுந்தால், திரை முழுக்க எழுத்து நிறைந்த ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறந்துவைத்து மானிட்டரின் ஆட்டோ பொத்தானை அழுத்துங்கள். எச்டிஎம்ஐயில் இணைத்துக் கருப்பு சாம்பலாகத் தெரிந்தால் பேனல் கெட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். கிராஃபிக்ஸ் கார்டு அதைத் தொலைக்காட்சி என்று எண்ணி, வெளிச்ச அளவுகளை 16 முதல் 235 வரையான குறுகிய வரம்பில் அனுப்பிக்கொண்டிருக்கலாம். அதன் அமைப்பில் 0 முதல் 255 வரையான முழு வரம்புக்கு மாற்றினால் கருப்பு திரும்பிவிடும்.

ஒலி பற்றி ஒரு வரி: ஸ்பீக்கர் எல்லா மானிட்டரிலும் கிடையாது, இருந்தாலும் பேச்சு கேட்க மட்டுமே உதவும்.

ஸ்டாண்டை மறந்துவிடுவது

மலிவான மானிட்டரில் ஸ்டாண்ட் முன்னும் பின்னும் சாயும், உயராது. திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்திலோ சற்றுக் கீழேயோ இருந்து, திரை ஒரு கை நீளத் தொலைவில் இருந்தால்தான் கழுத்து தாங்கும். 22 அங்குலத் திரை தாழ்வான ஸ்டாண்டில் நின்றால் பலருக்குப் பத்து செ.மீ. குறைவாக இருக்கும். உறுதியான மரக்கட்டை ஒன்றை அடியில் வைத்தாலே போதும், அடித்தளம் முழுதும் அதன்மேல் உட்கார வேண்டும் என்பதுதான் நிபந்தனை. பைஃபோகல் கண்ணாடி அணிகிறவர்கள் மட்டும் உயர்த்தாதீர்கள். கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியாகப் பார்ப்பதால் அவர்களுக்குத் திரை தாழ்ந்திருப்பதே நல்லது.

பிற்பாடு மானிட்டரைத் தாங்கும் கையில் (ஆர்ம்) மாட்டலாம் என்று நினைத்தால் பின்பக்கம் வெசா துளைகள் உண்டா என்று இப்போதே பாருங்கள். சிறிய திரைகளில் 75×75 அல்லது 100×100 மி.மீ. இடைவெளியில் நான்கு எம்4 திருகுத் துளைகள் இருக்கும். சில மலிவு மாடல்களில் அவை இல்லவே இல்லை. திருகு அதிக நீளமாக இருந்தால் உள்ளே இருப்பதைக் குத்திவிடும், கையேட்டில் சொன்ன நீளத்தையே போடுங்கள். கேஸ் ஸ்பிரிங் கைகளுக்குக் குறைந்தபட்ச எடையும் உண்டு. அதைவிட லேசான மானிட்டரை மாட்டினால் கை தானாக மேலே எழும்பி நிற்கும்.

டிவியை மானிட்டராக நினைப்பது

24 அங்குல டிவி மலிவாகக் கிடைக்கிறதே என்று தோன்றும். அந்த அளவில் பல டிவிகள் 1366×768 தான். 1080 என்றாலும் சில டிவிகள் நிறத்தகவலைச் சுருக்கிக் காட்டுவதால் வண்ண எழுத்தின் ஓரங்கள் கலங்கும், படத்தைச் சற்றுப் பெரிதாக்கிக் காட்டும் ஓவர்ஸ்கேன் ஓரங்களை வெட்டும். பிசி மோட் இருந்து, அதில் எழுத்து சுத்தமாகத் தெரிகிறதென்று நேரில் பார்த்தால் மட்டும் வாங்கலாம்.

திருப்பிக் கொடுக்கும் காலத்தை வீணடிப்பது

வந்த அன்றே சோதியுங்கள். முழுத்திரையில் கருப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். கருப்பில் ஒளிரும் புள்ளியும் ஓரங்களில் கசியும் வெளிச்சமும் தெரியும், வெள்ளையில் இறந்த புள்ளியும் தூசியும் தெரியும். 1920×1080 திரையில் 20,73,600 பிக்சல்கள் இருக்கின்றன. சில புள்ளிகள் பழுதாக இருப்பதைப் பல நிறுவனங்களின் உத்தரவாத விதிகளே அனுமதிக்கின்றன. அதனால் உத்தரவாதத்தை நம்பாமல், திருப்பிக் கொடுக்கும் காலத்துக்குள் முடிவெடுங்கள். பெட்டியையும் தெர்மோகோலையும் அதுவரை தூக்கி எறிய வேண்டாம்.

பிறகு வெளிச்சத்தை 20 சதவீதத்துக்கு இறக்கிக் கைப்பேசி கேமராவை வேகமான ஷட்டரில் வைத்துப் பாருங்கள். திரையில் அடர்த்தியான கருப்புப் பட்டைகள் ஓடினால், பின்விளக்கு அணைந்து அணைந்து எரிந்து வெளிச்சத்தைக் குறைக்கிறது என்று பொருள். கண்வலி வருகிறவர்கள் அந்த மானிட்டரைத் திருப்பிவிடுவது நல்லது.

பயன்படுத்திய மானிட்டர் வாங்கினால் பின்பக்க ஸ்டிக்கரில் தயாரிப்பு ஆண்டைப் பாருங்கள். பழையவற்றில் பின்விளக்கு சிசிஎஃப்எல் என்ற மெல்லிய டியூப்லைட் போன்ற குழலாக இருக்கும். அது வயதாக மஞ்சளாகி மங்கும், முழு வெளிச்சத்துக்கு வரச் சில நிமிடங்கள் எடுக்கும். அரை மணி நேரமாவது எரியவிட்டுப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். வெளி அடாப்டர் தொலைந்திருந்தால், மாற்று அடாப்டரின் வோல்ட் மானிட்டரில் எழுதியதற்குச் சரியாக ஒத்திருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவோ கூடுதலோ இருக்கலாம், முள்ளின் நேர்-எதிர் முனைக் குறியும் பொருந்த வேண்டும். 12 வோல்ட் மானிட்டரில் 19 வோல்ட் அடாப்டரைச் செருகினால் உள்ளே பலகை எரிந்துபோகலாம்.